ரெட்டைக்கண் சேட்டன் எடுத்த போட்டோ

“இது ரெண்டும் ஒரே பொண்ணுதானா?” எர்ணாகுளம் கல்லூரியில் குமாஸ்தா என் விண்ணப்பத்தோடு இருந்த இரண்டு போட்டோவையும் பார்த்துக் கேட்டார். அப்பா மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். குற்றம் முழுவதும் ரெட்டைக்கண் சேட்டனுடையது.

உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு கண் உண்டு. அதை ஒரு கொள்கையாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தொழில் வாட்ச் ரிப்பேர். “பகல் பூரா ஒத்தக் கண்ணுல லென்ஸ். மத்த கண்ணு சும்மா இருந்தா கெட்டுப்போகும் மோளே” என்பார். அதற்காகவே பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி, இரண்டு கண்ணாலும் படம் பார்க்கும் பெட்டிகள் பதினேழு சேர்த்திருந்தார். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு அதையே சற்றுத் தள்ளி எடுத்த இன்னொரு படம். உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, மலை முன்னால் வந்து நிற்கும். வாட்ச் கொடுத்தவர்கள் சுவிட்சர்லாந்து முழுவதையும் பார்த்த பிறகுதான் மணி பார்க்க முடியும்.

முந்தின நாள் ஸ்டூடியோ பூட்டியிருந்ததால், அந்தப் பெட்டிகளுக்குப் படமெடுக்க அவர் வைத்திருந்த இரட்டை லென்ஸ் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். புத்தி எங்கே போயிற்றோ. இரண்டு போட்டோ கேட்டேன். இடது ஒன்று, வலது ஒன்று கழுவிக் கொடுத்தார். ஒன்றில் என் காதை ஒட்டிக் கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. மற்றதில் இல்லை.

படகேறி மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வந்து அவர் கடையில் கத்தினேன். “இடதுலயே ரெண்டு போட்டா என்ன?”

“அப்ப வலது கண்ணுக்கு யாரு பதில் சொல்றது?”

கடையைப் பூட்டினார். ஒரு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னோடு படகேறினார். தன் சேகரிப்புக்கென்று போட்டு வைத்திருந்த என் போட்டோ ஜோடியை அதில் செருகி, குமாஸ்தாவின் முகத்தில் வைத்தார். “பாரு சாரே. ஒரே பொண்ணுதான்.”

குமாஸ்தா பார்த்தார். டைப்பிஸ்ட் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

“மூக்கு வெளிய வருது” என்றார் குமாஸ்தா. “ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்.” அலுவலகம் மூட அரை மணி இருந்தது.

சேட்டன் என்னைப் பார்த்தார். பெட்டியிலிருந்து தன் இடது படத்தை உருவிக் கொடுத்தார். என் வலது அவரிடம் போயிற்று. எனக்கு இடம் கிடைத்தது.

“என் பெட்டியில ரெண்டும் வலதா ஆச்சு. நீ சுவரோட ஒட்டிக்கிட்டே” என்று திரும்பும் படகு முழுக்கப் புலம்பினார். நெகட்டிவையும் அந்த வருஷ மழை தின்றுவிட்டது. மூன்று வருஷமாக, வாட்ச் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தட்டையான என்னைக் காட்டி, “இது கெட்டுப்போன படம்” என்று அறிமுகம் செய்துவருகிறார்.

இப்போது ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன். இரண்டு போட்டோ போதும். நேற்று, திறந்திருந்த ஸ்டூடியோவைத் தாண்டி நடந்து, சேட்டன் கடையில் அதே கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கழுவவும் சொல்லிவிட்டேன்: இடது மூன்று, வலது ஒன்று.