அஜாக்கிரதைக்கு என் ஓட்டு

மணிமங்கலம்,
12.12.1991

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு, லீலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்களுக்கும் ஆபீசில் உள்ளவர்களுக்கும் உடம்பு சுகம்தானே. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

அகராதி போடுகிற புலவர்கள் இந்த வருஷத்துச் சொல் ஒன்றைப் பொறுக்கப் போகிறார்கள், ஜனங்கள் வாயில் அதிகம் புழங்கியதை எழுதி அனுப்பலாம் என்று உங்கள் பத்திரிகையில் போட்டிருந்தீர்கள். குண்டு வெடித்த ஸ்ரீபெரும்புதூர் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்ததால் பலபேர் அதையே எழுதுவார்கள். என் சொல் அஜாக்கிரதை. ஆனி மாதம் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பாரம் தூக்குகிற சங்கிலி அறுந்து, இரும்புத் தகட்டுக் கட்டு மேலே விழுந்து என் வீட்டுக்காரர் கண்ணப்பன் போய்விட்டார். துருப்பிடித்த சங்கிலி, மாற்றச் சொல்லி அவரே இரண்டு தடவை கேட்டிருந்தார், ஆனால் கம்பெனி காகிதத்தில் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்துவிட்டார்கள், அன்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அந்தச் சொல், மாலை போட வந்த சூப்பர்வைசர் வாயில் அந்தச் சொல், என் நாத்தனார் கன்னியம்மாகூட காபியை ஊதிக்கினே, "அண்ணன் கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டாரு, இன்னா பண்றது அண்ணி, இன்னும் ஒரு ஸ்பூன் சக்கரை போடு" என்கிறாள்.

பக்கத்து வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் கோதண்டராமன் ஐயா நான் எழுதிய சொல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய வார்த்தையை எடுக்க மாட்டாங்கம்மா. புதுசா ஒரு அர்த்தமாவது வந்திருக்கணும்."

"வந்துகீதுங்க ஐயா."

"இன்னா அர்த்தம்?"

"முதலாளி சங்கிலி அறுந்தா, கீழ நின்னவனுக்கு அதான் பேரு."

ஐயா காகிதத்தை வாங்கி மடித்துக் கொடுத்தார். அப்புறம், "ஒட்டறதுக்கு ஸ்டாம்பு கீதா?" என்றார்.

ஆகையால் அந்த அர்த்தத்தை அகராதியில் சேர்க்கவும். முடியாதென்றால் சொல்லையே எடுத்துவிடவும். அடுத்த சாவுக்குக் கம்பெனி வேறு சொல் தேடிக்கொள்ளட்டும், என் வீட்டுக்காரர் பேரை விட்டால் போதும்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் எந்தச் சங்கிலிக்கும் கீழே நிற்காமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
க. லீலா

பின்குறிப்பு: இந்த ஓட்டை எண்ண வேண்டாம் ஐயா. ஊரே சொன்ன அந்தச் சொல்லை நான் மட்டும் இதுவரை வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர், "கண்ணு எரியுது லீலா, இன்னிக்கு ஓ.டி. வேணாம்" என்றார். டேபிள் ஃபேன் வாங்கணும் என்று நான்தான் எழுப்பி அனுப்பினேன். கம்பெனிக்காரன் எழுதியது சரிதான், பேர்தான் மாறிப்போச்சு.