மாமா சிரித்த எட்டாம் நாள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பகிடிக் காட்சிகளைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை ஓடாது. எந்த நடிகர் எந்த இடத்தில் கண்ணை உருட்டினார், எந்த இடத்தில் தோளில் கிடந்த துண்டை உதறிச் சிரிக்க வைத்தார் என்று இருத்தி வைத்து விளக்கம் சொல்லிவிடுவேன். (என் மனைவி பவானி இதை ஒரு வருத்தம் என்கிறாள். மருந்தில்லாத நோயாம்.) அந்த வருத்தம் முற்றி, ஒரு செத்தவீட்டின் எட்டாம் நாளை நான் நாசமாக்கிய கதை இது.

செத்தவர் பவானியின் அப்பா, எனக்கு மாமா. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். நானும் பவானியும் வீட்டாரைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டதால், இரண்டு வருடமாக அவர் என்னைக் கண்டால் இருமுவார், அவ்வளவுதான். மாமி அதற்கும் ஒரு படி மேல். என்னோடு நேரே கதைக்கவே மாட்டார். நான் முன்னால் நின்றாலும், "அவர் தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேள்" என்று மகளிடம்தான் சொல்லுவார்.

மாமா போன நாளிலிருந்து அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. யாரோடும் ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. இப்படியே அம்மாவும் போய்விடுவா என்று பவானி குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள். எனக்கும் பயமாக இருந்தது. எதையாவது செய்து மாமியின் மனதைத் தொட்டுவிட வேண்டும், அந்தச் சாட்டோடு நானும் அந்த வீட்டு மருமகனாகிவிட வேண்டும் என்று துடித்தேன்.

எட்டாம் நாள் எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவு செய்வார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பொழுதுபடும் நேரம் வாழையிலையில் படைத்து, ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது, வெளியே ஒருவரும் சத்தம் போடக் கூடாது. மாமாவுக்கு மீன் பொரியல், அவித்த முட்டை, பாயாசம், ஒரு கிளாஸ் சாராயம் என்று முடிவாகியிருந்தது.

அன்று காலை அவருடைய அலுமாரியைத் திறந்தபோது ஒரு பழைய டேப் ரெக்கோடரும் ஒரு கசெட்டும் அகப்பட்டன. கசெட்டின் மேல் மாமாவின் எழுத்தில் 'பகிடி' என்று இருந்தது. ஓடவிட்டேன். கல்யாண வீட்டில் சமையல்காரனை மாப்பிள்ளை என்று நினைத்து மாலை போடுகிற காட்சி. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். நான் விழுந்து புரளும் அதே பகிடியை இந்த மனிதர் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் (ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, மாமா). மீனும் சாராயமும் வைப்பதென்றால் இதையும் வைக்கத்தானே வேண்டும்? சடங்கை முன்நின்று நடத்த மூதூரிலிருந்து வந்திருந்த பவானியின் பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னார். கசெட்டில் நான் கேட்டிருந்தது இரண்டு வசனம்தான். முழுதும் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

படையல் முடிந்து எல்லோரும் வெளியேறும்போது, நான் இலைக்குப் பக்கத்தில் குனிந்து கசெட்டைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டனை அமுக்கிவிட்டு நிமிர்ந்தால் கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. தட்டலாம். தட்டினால் மாமா வராமல் போய்விடுவார், அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். அலுமாரி ஓரமாகக் குந்திக்கொண்டேன்.

ஒற்றை விளக்கு. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. அது எழும்போதெல்லாம் மாமா வழக்கமாக உட்காரும் வெறுங் கதிரையின் நிழலும் சுவரில் எழுந்து நின்றது. யன்னலுக்கு வெளியே சருகில் யாரோ நடந்தார்கள். மான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் (எங்கள் ஊரில் மான் வீதியில் திரிவது புதினமில்லை). காலடி யன்னலடிக்கு வந்து நின்றது. பிறகு அங்கிருந்து நகரவேயில்லை.

பழைய நடிகர்களிடம் ஒரு நுணுக்கம் உண்டு. பகிடியைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார்கள். அது நாங்கள் சிரிப்பதற்கு விட்ட இடம். கசெட்டில் மாலை விழுந்தது, சமையல்காரன் வசனத்தைச் சொன்னான், கல்யாண வீடே மௌனமானது. அந்த இடத்தில், இலை இருந்த பக்கத்திலிருந்து, ஓர் ஆண் சிரித்தார்.

கசெட்டுக் குரல்கள் தூரத்தில் எங்கோ கேட்டன. சிரிப்போ என் காதடியில் கேட்டது. நெஞ்சுக்குள் கிளம்பி, இருமலில் முட்டி, மறுபடியும் சிரிப்பாக மாறியது. மாமாவின் சிரிப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த இருமலை எனக்கு நன்றாகத் தெரியும்.

பாய்ந்துபோய் டேப் ரெக்கோடரின் பட்டன்களையெல்லாம் இரண்டு கையாலும் குத்தினேன். ஒரு கால் பாயாசத்துக்குள். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஐயோ மாமா, நான் போறன், நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ!"

கதவு திறந்தது. முற்றத்தில் நின்ற சனம் முழுக்க வெளியே ஒழுங்கைத் தெருவுக்கு ஓடியிருந்தது. பெரியப்பாதான் முன்னால் ஓடினாராம். ஓடாமல் வாசலில் நின்றவர் மாமி மட்டும். மெதுவாக உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, கையை எடுங்கோ," என்றார். "அவர் சிரிக்கட்டும்."

எட்டு நாளுக்குப் பிறகு பேசிய முதற் சொல். இரண்டு வருடத்தில் என்னோடு நேரே பேசிய முதற் சொல்லும் அதுதான். என் கையை விலக்கி, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். மாமா சிரித்தார். அந்தக் காலத்தில் படம் போகும்போது டேப் ரெக்கோடரை மடியில் வைத்துப் பதிவு செய்வாராம். தொலைக்காட்சி தூரத்தில், அவர் வாய் கிட்டத்தில். படத்தை விட அவருடைய சிரிப்புத்தான் நன்றாகப் பதிந்திருந்தது. மாமி காலை நீட்டி இருந்து, வீடே கேட்க அழுதார். பவானி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தால் மாமி என்னை நிமிர்ந்து பார்த்து, "காலைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்றார். அன்றிரவு அவரும் சாப்பிட்டார்.

விடிந்ததும் யன்னலடியில் குளம்பு அடையாளம் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

நான் குத்திய குத்தில் பதிவு செய்யும் சிவப்புப் பட்டனும் சேர்ந்து அமுங்கியிருந்தது பிறகுதான் தெரிய வந்தது. மாமாவின் சிரிப்பில் ஒரு துண்டு அழிந்து, அந்த இடத்தில் என் அலறலும் மாமியின் சொல்லும் ஏறிவிட்டன. மாமியிடம் மன்னிப்புக் கேட்டபோது அழாக்குறையாக நின்றேன். அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது ஒவ்வொரு திவசத்துக்கும் அந்தக் கசெட் ஓடும். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் காத்திருந்து கேட்பார்கள். சமையல்காரன் வசனம் சொல்லுவான், மாமா சிரிப்பார், நான் அலறி அவரைச் சாப்பிடச் சொல்லுவேன், அவர் சிரிக்கட்டும் என்பார் மாமி. உடனே மாமா, மிச்சமிருந்த சிரிப்பை இருமி இருமிச் சிரிப்பார்.

அந்த இடம் வந்ததும் மாமி வருடா வருடம் என் பக்கம் திரும்புவார்.

"பாருங்கோ தம்பி, அவருக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு."