பைப் எங்கே போகிறது?

சூடு காணாமல் போகாது. இடம்தான் மாறும். படித்தவர்கள் இதை வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். நான் என் தங்கச்சியின் பரிசத்தன்று கற்றுக்கொண்டேன். அவளை வேகவைத்து.

நான் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். (பள்ளியும் என்னை விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் வருத்தமில்லை.) கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதிகம் பேசமாட்டேன். அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்து யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலை இருந்திருக்காது.

தங்கச்சி பெயர் கவிதா. அப்பா போனபின் வீட்டுக்குப் பெரியவன் நான். மாப்பிள்ளை பிரகாஷ், பிரிக்பீல்ட்ஸ்காரன். அவன் அப்பா ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அம்மா சரோஜா ஆன்டிக்கு வெக்கை ஆகாது. ஒரு கல்யாணத்தில் பந்தியிலேயே மயங்கி விழுந்தவர். பரிசம் போட நாள் குறித்ததும் அவர் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உங்க வீட்டுல மேற்குப் பக்கம் வெயில் அடிக்கும்னு பிரகாஷ் சொன்னான். இங்கேயே ஏர்கோன் மண்டபம் ஒன்னு பார்த்துருவோமா?”

“பரிசம் பொண்ணு வீட்டுலதான் ஆன்டி போடணும். சில்லுன்னு இருக்கும். நான் பார்த்துக்கிறேன்.”

போனை வைத்தேன். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நம்ம வீட்டுல சில்லுன்னு இருக்கிற ஒரே இடம் ஐஸ் பெட்டி. அதுக்குள்ளயா ஆன்டிய உட்கார வைப்பே?”

“பார்த்துக்கிறேன்னு சொன்னேன்ல.”

“எனக்கு அவர புடிச்சிருக்கு அண்ணே. அவங்க அம்மா மயங்கி விழுந்தா கல்யாணமும் சேர்ந்து விழும். விளையாடாத.”

நான் விளையாடவில்லை. அதுதான் பிரச்சினை.

கிடங்கு முதலாளியை நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவர் அறையில் சக்கரம் வைத்த ஏர்கோன் ஒன்று இருந்தது. சுவரில் மாட்ட வேண்டாம். தள்ளிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். முன்னால் குளிர் காற்று. பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பைப். இரவல் கேட்டேன். கொடுத்தார். வேனில் ஏற்றும்போது பைப்பைக் காட்டி ஏதோ சொன்னார். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். “ஓகே பாஸ்” என்றேன்.

வீட்டில் கொண்டுவந்து ஹால் மூலையில் வைத்தேன். பைப்பை எங்கே விடுவது என்று பார்த்தேன். எங்கள் ஹாலுக்கு ஒரே ஜன்னல். அது நடைபாதைப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு ஏந்தி அந்த வழியாகத்தான் வருவார்கள். வரும்போதே ஜன்னலில் தும்பிக்கை தொங்கினால் நன்றாக இருக்குமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட சந்து ஒன்று இருந்தது. அதில் பைப்பைச் செருகினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அதன் மேல் ஒரு சரிகைத் துணியைப் போட்டு, பூமாலை சுற்றி மறைத்தேன். பார்க்க அலங்காரம் மாதிரியே இருந்தது. பைப்பிலும் காற்றுதானே வருகிறது, உள்ளே இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

(தங்கச்சிமேல் பாசம். எழுதி வைக்க வேண்டியதுதான்.)

அந்த அறையில்தான் கவிதா. கூடவே ஒப்பனைக்கு வந்த சாந்தி அக்கா. எதிர்வீட்டு ஜன்னல் கைநீட்டும் தூரத்தில் இருப்பதால் உடுத்தும்போது ஜன்னலை அடைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற எதிர்த்தட்டுகளும் அங்கேதான். அதில் ஒரு தட்டில் சாக்லேட்டில் செய்த இரண்டு அன்னங்கள். கவிதா தேடித் தேடி வாங்கியது. ஹால் சூட்டில் உருகிவிடும் என்று அவளே பத்திரமாக உள்ளே எடுத்து வைத்தாள்.

நல்ல நேரம் பிற்பகலில் விழுந்தது. வெயில் எங்கள் அடுக்குமாடியை முகத்துக்கு நேராகப் பார்க்கிற நேரம். தட்டு மாற்றும் வரை பெண் வெளியே வரக்கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் ஏர்கோன் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

சரோஜா ஆன்டியை அதற்கு நேர் முன்னால் உட்கார வைத்தேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு துடைப்பதை நிறுத்தினார். சிரித்தார்.

“அட, சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்களே தம்பி!”

வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

போன் அதிர்ந்தது. அறைக்குள் இருந்து கவிதா.

‘அண்ணே சூடா இருக்கு’

‘பரிசம்னா அப்படித்தான் இருக்கும்’ என்று எழுதினேன்.

‘இல்ல அண்ணே நெசமா சூடு. ஜன்னலும் தெறக்க மாட்டேங்குது’

‘தண்ணி குடி’

உள்ளே கதவைத் தட்டும் சத்தம். நான் கதவுக்கு முன் போய் நின்றுகொண்டேன்.

“இன்னும் கூப்பிடல. பொறு.”

“டேய், பனாஸ் லா டேய், வேகுது! கதவத் தெற!” அது சாந்தி அக்கா.

“என்னப்பா உள்ள சத்தம்?” என்றார் ஆன்டி.

“பொண்ணுக்குப் பதட்டம் ஆன்டி.”

கொஞ்ச நேரம் போனது. ஹாலிலும் ஏதோ மாறியது. ஏர்கோன் குளிர்ச்சியாகத்தான் ஊதியது. ஆனால் கதவின் அடி இடுக்கு வழியாக என் கணுக்காலில் ஒரு வெக்கை அடித்தது. சரோஜா ஆன்டியின் முந்தானை மறுபடி கழுத்துக்குப் போனது. நான் ஏர்கோனை இன்னும் கூட்டினேன். முடிந்த மட்டும் கூட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசிரியர். கடைசி வரிசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிற கண். எழுந்து வந்தார். சரிகைத் துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பைப் எங்க போகுது?”

“உள்ள போகுது அங்கிள்.”

“உள்ள என்ன இருக்கு?”

“ரூம்.”

“ரூம்ல யாரு?”

“பொண்ணு.”

அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார்.

இடியாப்பச் சட்டியின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது அடித்தது. முதலில் சாந்தி அக்கா வந்தார். நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பரம்பரையைப் பற்றிப் பேசினார். அடுத்து கவிதா. கண்மை கன்னத்தைத் தாண்டி இறங்கிவிட்டது. பொட்டு மூக்குக்கு வந்திருந்தது. தலையில் மல்லிகை வதக்கிய வெங்காயம் மாதிரி கிடந்தது. கையில் அந்தச் சாக்லேட் தட்டு. அன்னங்கள் இல்லை. ஒரு குளமும் அதில் மிதக்கும் இரண்டு அலகுகளும் இருந்தன.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஏர்கோனிடம் போனாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“கொஞ்ச நேரம் நான் இங்க நிக்கிறேன். அப்புறமா என்ன சொல்லணுமோ சொல்லுங்க.”

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிரகாஷ் வாயைத் திறந்தான். “நீ பேசாத” என்றார் அவன் அம்மா. அவன் மூடிக்கொண்டான்.

கல்யாணம் போயிற்று என்று முடிவு செய்தேன். தவுக்கேயிடம் ஏர்கோனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்றுகூட மனம் யோசித்தது.

சரோஜா ஆன்டி எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துக் கவிதாவுக்குப் பின்னால் போட்டார். பக்கத்திலிருந்த வெற்றிலைத் தட்டைக் காலி செய்து அதனாலேயே விசிறினார்.

“உக்காரு மா. எனக்குத் தெரியும் இந்த வேதனை. நான் மயங்குனப்போ எல்லாரும் நடிக்கிறேன்னு சொன்னாங்க. நீ விழாம நின்னிருக்க. கெட்டிக்காரி.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “இவரு உனக்குச் சொந்த அண்ணனா மா?”

“அப்படித்தான் சொல்றாங்க ஆன்டி.”

மாப்பிள்ளையின் அப்பாவும் பிரகாஷும் பைப்பை உருவி ஜன்னல் வழியாக வெளியே விட்டார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். “மெஷின் குளிர் உண்டாக்குதுன்னு நெனச்சேன் அங்கிள்” என்றேன்.

“குளிர்னு தனியா ஒன்னு கிடையாது தம்பி. உங்களுக்கு என்ன வேலை?”

“ஃபோர்க்லிஃப்ட்.”

“அது சரக்க உண்டாக்குமா, அழிக்குமா?”

“இல்ல. தூக்கி வேற இடத்துல வைக்கும்.”

“இதுவும் அதான். ஹால்ல இருக்கிற சூட்டத் தூக்கிப் பைப் வழியா வேற எடத்துல வைக்குது. அழிக்காது. அழிக்கவே முடியாது. சூட்டுக்கு இது முதல் விதி. நீங்க எறக்கி வெச்ச எடத்துல உங்க தங்கச்சி நின்னுச்சு.”

எனக்கு உடனே புரிந்தது. பள்ளியில் யாராவது ஃபோர்க்லிஃப்டை வைத்துச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் படித்திருப்பேன்.

“சரக்கு தானா லோரியில ஏறுமா?”

“ஏறாது. கீழ வேணா தானா விழும்.”

“சூடும் அப்படித்தான். சூடான எடத்துலேருந்து குளுந்த எடத்துக்குத் தானா போகும். சூடா மேசையில வெச்ச தே தாரேக் டீ தானா ஆறும். தானா சூடாவுறத யாரும் பார்த்ததில்ல. திருப்பி ஏத்தணும்னா வேலை செய்யணும், கரண்ட் எரியணும். எரிஞ்ச கரண்டும் சூடாயிரும். அதனால ஹால்லேருந்து எடுத்தத விட அதிகச் சூடுதான் ரூமுக்குள்ள போயிருக்கு. நீங்க கூட்டக் கூட்ட அங்க இன்னும் ஏறிருக்கு. இது ரெண்டாவது.”

“சாக்லேட்டு?”

“ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல கெடந்தா கடைசியில ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்துரும். அதுக்கும் ஒரு விதி இருக்கு. பாவம், அன்னத்துக்கு அது தெரியல. மூணாவது விதி என்னான்னா, குளிரோட அடிமட்டத்த எவனாலயும் தொட முடியாது, எவ்வளவு பெரிய மெஷின் வெச்சாலும்...”

“போதும்ங்க. பரிசம் போட வந்தோம்” என்றார் சரோஜா ஆன்டி.

மூன்றாம் விதி அத்தோடு நின்றது. எங்கள் வீட்டுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

கவிதா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி ஒப்பனை செய்ய சாந்தி அக்கா மறுத்துவிட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றினோம். சாக்லேட்டைக் கரண்டியில் சாப்பிட்டோம். பரிசப் படங்களில் என் தங்கச்சி வெறும் முகத்தோடு சிரிக்கிறாள். எல்லாப் படத்திலும் பின்னால் ஜன்னலில் தும்பிக்கை தொங்குகிறது.

கல்யாணமும் நடந்தது. அவர்களுக்கு இப்போது ஒரு மகள். நான் அந்த வீட்டில் எதைச் சொன்னாலும், கார் வாங்கப் போகிறேன் என்றாலும், கேமரன் மலைக்குக் குறுக்கு வழி தெரியும் என்றாலும், முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். அந்தச் சின்னது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கும்.

“மாமா, பைப் எங்க போகுது?”

போன மாதம் எங்கள் வீட்டில் சுவர் ஏர்கோன் மாட்டினேன். ஆள் வைத்து முறையாக மாட்டியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து எல்லாரும் பார்க்க வந்தார்கள். சரோஜா ஆன்டி ஹாலில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றியவர் நேராகப் பின்பக்கப் பால்கனிக்குப் போனார். வெளியே மாட்டியிருந்த பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வந்து எல்லாரிடமும் சொன்னார்.

“சூடு வெளியதான் போகுது. உக்காருங்க.”

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.