ஆறாம் நம்பர் பஸ்ஸில் எட்டு வரி

இந்த வருஷம் ஜெயித்தே தீருவது என்று பிப்ரவரி மாதம் ஒரு காலையில், முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தேன். ஊருக்கெல்லாம் அது காலை. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க அடுப்பு பார்க்கிற எனக்கு அது தூங்கப் போகிற நேரம். தூக்கக் கலக்கத்தில் நான் எடுத்த முடிவு எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. என் மனைவி ரொவீனாவிடம் கேட்டால் தேதிவாரியாகச் சொல்வாள்.

எங்கள் ஆஷ்ஃபோர்ட் நூலகம் வருஷாவருஷம் ஒரு கவிதைப் போட்டி நடத்துகிறது. பரிசு என்று காசும் இல்லை, கோப்பையும் இல்லை. ஜெயித்த கவிதையை அட்டையில் அச்சடித்து ஒரு நகர பஸ்ஸுக்குள், ஜன்னலுக்கு மேலே, ஒரு வருஷத்துக்கு ஒட்டிவைப்பார்கள். எட்டு வரிக்கு மேல் கூடாது, அட்டையில் அவ்வளவுதான் இடம். இந்த வருஷம் ஆறாம் நம்பர் பஸ்ஸின் முறை.

ஆறாம் நம்பர் என் பஸ். பத்தொன்பது வருஷமாக அதில்தான் வேலைக்குப் போகிறேன். பத்தொன்பது வருஷமாக என் தலைக்கு மேல் ஒரு பல் வைத்தியர் விளம்பரம். அந்தப் பல்வரிசையைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பே விட்டுப்போயிற்று. அந்த இடத்தில் என் எட்டு வரி இருக்க வேண்டும். சாயங்காலம் ஏறி உட்கார்ந்தால் எதிரே நான் எழுதியது தெரிய வேண்டும். வாழ்க்கையிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை. ஆறாம் நம்பர் அல்லாத பஸ்களுக்குப் பதினோரு வருஷம் அனுப்பிப் பதினோரு தடவை தோற்றிருந்தேன். அது ஒத்திகை.

தோல்வி வருகிற விதம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. அனுப்புகிறவன் தன் விலாசத்தைத் தானே எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி, காலி உறை ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். தோற்ற கவிதையும் பதிலும் அதில் வரும். ஆக, 'வருந்துகிறோம்' என்கிற சேதி வருஷாவருஷம் என் கையெழுத்திலேயே என் வீட்டுக்கு வரும். கொல்லுகிற கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

ஒரு காலத்தில் இதெல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது. துறைமுகத் தெருவில் ஒரு காபிக்கடை. புதன்கிழமை சாயங்காலம் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு திறந்து கிடக்கும். அதில் பேரை எழுதினால் கவிஞன், அவ்வளவுதான். தோற்பதற்கு உறை வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம். கப்பலில் சாமான் ஏற்றுகிறவன் வாசிப்பான், நர்ஸ் வாசிப்பாள், பேசவே கூச்சப்படுகிற தபால்காரர் ஒருவர் மைக்குக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். ஜன்னலெல்லாம் மூச்சுக்காற்றில் பனி படிந்திருக்கும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன் நான். மீதியை நூலகத்திலும் அந்தக் கடையிலும்தான் படித்தேன். ஒரு புதன்கிழமை நான் வாசிக்கும்போது கதவோரம் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்று கேட்டாள். என் கவிதை ஒருத்தியைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்துவிட்டது என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் கல்யாணம். பிறகுதான் தெரிந்தது. பக்கத்துச் சலவைக்கடையில் துணி காயப் போட்டுவிட்டு, குளிருக்கு ஒதுங்க வந்தவள்.

இப்போது அந்தக் கடை இல்லை. அங்கே கைபேசிக்கு உறை விற்கிறார்கள்.

சரி, என் திட்டத்துக்கு வருகிறேன். கவிதை இருக்கும் தாளில் பேர் எழுதக் கூடாது, தனித் தாளில்தான் எழுத வேண்டும் என்பது போட்டி விதி. நடுவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியாது. ஆனாலும் கடைசியில் பேர்த்தாளைப் பிரிக்கும்போது, "ஐயோ, அந்த ரொட்டிக்காரனா? அடுத்ததை எடு" என்று யாரோ சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். பதினோரு வருஷத் தோல்விக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு கவிதைதான் என்று இன்னொரு விதி. எங்கள் வீட்டில் ஆள் இரண்டு. என் பேரில் ஒன்று, ரொவீனா பேரில் ஒன்று, இரண்டும் என் கவிதை. அட்டையில் அவள் பேர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். வரி என்னுடையது. அது எனக்குத் தெரியும், போதும்.

ரொவீனாவுக்குக் கவிதை ஆகாது. அவள் எழுதுவதெல்லாம் மளிகைப் பட்டியல். அதில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

தபால் நிலையம் திறந்திருக்கிற நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவள் பள்ளிக்கூடச் சமையலறைக்கு அந்த வழியாகத்தான் போகிறாள். இரண்டு உறையையும் நன்றாக ஒட்டி அவளிடமே கொடுத்தேன்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள்.

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு."

"நல்ல யோசனை," என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் என் யோசனையை நல்லது என்று சொன்னது எங்கள் கல்யாணத்தில் அது இரண்டாவது தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு பதிலும் வந்தன. என் பேருக்கு வந்தது வழக்கமான வருத்தம். அவள் பேருக்கு வந்ததில் நூலகத்துத் திருமதி டன்லவி நாலே வரி எழுதியிருந்தார். உங்கள் கவிதை முதல் பரிசு பெற்றிருக்கிறது, மகிழ்ச்சி, இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்கு வந்து நீங்களே வாசிக்க வேண்டும், எலுமிச்சை கேக் உண்டு. எந்தக் கவிதை என்று அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியம் என்ன? நான்தானே எழுதினேன். சமையலறையில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தேகமும் உறுதியாயிற்று. எல்லாம் என் பேர் செய்த சதி.

சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். தன் பேரில் பொய்யா, ஊரார் முன்னால் வாசிப்பதா, தனக்கு நாக்கு குழறுமே என்றெல்லாம் கவலைப்பட்டாள். கடைசியில், வியாழன் வரைக்கும் பாத்திரம் முழுக்க நான் கழுவுவது, மாடி ஜன்னலை நான் துடைப்பது, அவள் அக்கா வந்தால் நான் விழித்திருந்து பேசுவது என்ற நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டாள்.

வியாழனுக்குப் பதினாறு நாள் இருந்தது. அவள் அக்கா மூன்று தடவை வந்தாள்.

தினமும் காலையில் பயிற்சி. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கையில் பாத்திரம் தேய்க்கிற நாரோடு சொல்லிக்கொடுத்தேன். அவளும் பயபக்தியாகக் கேட்டுக்கொண்டாள்.

"'பிரபஞ்சத்தின் விலா எலும்பு'ன்னு வருதே. அது எங்க இருக்கு?"

"அது ஒரு உருவகம் ரொவீனா."

"தெரியுது. வலது பக்கமா, இடது பக்கமா? வாசிக்கும்போது கையை எங்க காட்டறது?"

கலை தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை வேண்டும். இடது பக்கம் என்றேன்.

வியாழக்கிழமை நூலகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பழைய காபிக்கடை நர்ஸ் நரைத்த தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரொவீனா அந்தப் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். இன்னும் அது வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. மைக் முன்னால் போய் நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு விட்டாள். நான் உதட்டசைவில் முதல் வரியை எடுத்துக்கொடுத்தேன். அவள் வேறு எதையோ வாசித்தாள்.

துணி காய நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.
பக்கத்துக் கடையில் ஒருவன் கவிதை வாசித்தான்.
ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை.
சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.
முடிந்ததும் சொல்லலாம் என்று நின்றேன்.
துணி காய்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.
அவன் இன்னும் முடிக்கவில்லை.
நான் இன்னும் சொல்லவில்லை.

கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு கை தட்டியது. நர்ஸ் எழுந்து நின்று தட்டினாள். திருமதி டன்லவி, நடுவர் மூன்று பேரும் தகராறு இல்லாமல் தேர்ந்தெடுத்தது இந்த ஒரு வருஷம்தான் என்று அறிவித்தார். நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான், நாலாவது ஓட்டையில் இருந்தது.

கேக் மேஜை அருகே அவளைப் பிடித்தேன். உறையை எப்போது பிரித்தாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கே. கெட்டில் ஆவியில காட்டினா அஞ்சு நிமிஷம்," என்றாள். "ஒரு ஆளுக்கு ஒரு கவிதைன்னு அந்த நோட்டீஸை நீதானே ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டின? பாலெடுக்கும்போதெல்லாம் படிச்சேன். ரெண்டு உறைன்னா ரெண்டாவது ஆள் நான்தானே. என் பேர்ல போறதை நானே எழுதிட வேண்டியதுதான்."

"பதினாறு நாள் என் கவிதையை வாசிச்சுக் காட்டினியே."

"ஜன்னல் அழுக்கா இருந்துது, லாயிட்."

அப்படியானால் என் கவிதை எங்கே என்று கேட்டேன்.

"சமையல் குறிப்புப் பெட்டியில. திரும்பி வந்த பதினொண்ணோட இதையும் வெச்சிருக்கேன். நீ குப்பையில போடுவ, நான் எடுத்து நீவி வெச்சிடுவேன்." கேக்கை ஒரு கடி கடித்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது பேர் நடுவில், என் பொத்தானைக் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டுவிட்டாள்.

கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் துறைமுகத் தெருக் கடையின் ஜன்னலில் பனி படிந்திருந்ததும், கதவோரம் சிவப்பாக ஏதோ நின்றதும்தான் ஞாபகம் வந்தது. அந்த நாற்பது நிமிஷமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கவிதையைக் கேட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பாள்.

மே மாதம் பல் வைத்தியரை எடுத்துவிட்டு அட்டையை ஒட்டினார்கள். கீழே, கொட்டை எழுத்தில் ரொவீனா பேர். அன்று சாயங்காலம் நான் ஏறியதும் டிரைவர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"சார், அது நீங்கதானா?" என்றார்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆமாம் என்றேன்.

"இன்னிக்கும் பொத்தானை மாத்தித்தான் போட்டிருக்கீங்க."