மைனஸ் மிஸ்

இந்த மலைநாட்டில் பின்பக்கமாக நடந்தே மலையேறிய ஒரே அரசாங்க உத்தியோகத்தர் எங்கள் மைனஸ் மிஸ்தான். தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பிக்கிறவர்களுக்குக் கைகொடுக்க, வலயக் கல்வி அலுவலகம் வைத்திருந்த ஆலோசகர்.

நான் டயகமப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் இருந்தேன். கணக்குக்கு நான் ஒருவன்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. வந்ததை வெளியே சொல்லவும் வெட்கம். சொந்த ஊரான ஹட்டனுக்கு இடமாற்றம் கேட்டுவிட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று கரும்பலகையில் எழுதித் திரும்பினால், கடைசி வரிசை வாங்கில் ஒரு கை உயர்ந்து நிற்கிறது. நனைந்த குடையோடு ஓர் அம்மா, பிள்ளைகளுக்கு நடுவே.

"ஏன் சேர் பிளஸ்?"

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது. அது அப்படித்தான் என்று சமாளித்தேன். வலயத்திலிருந்து வந்த ஆலோசகர் அவர்தான் என்று புரிந்தது. மணியடித்ததும், அறிக்கை எழுதி என்னைத் தொலைக்கப்போகிறார் என்று பயந்துகொண்டே அவரிடம் போனேன். அவரோ குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் சரியா சொல்லத் தெரியாது சேர். வாங்க, யோசிப்போம்."

யோசனை பாடசாலை விட்டுத் திரும்பிய பஸ்ஸிலும் தொடர்ந்தது. ஆவி படிந்த கண்ணாடி முழுக்க விரலால் கோடு போட்டார். இடம் போதாமல் முன் சீட்டுக்காரரை எழுப்பி அவர் பக்கத்துக் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது என்று கொண்டக்டர் வந்து சொன்னார்.

இறங்கி, வந்த வழியே மேலே ஏறினோம். செங்குத்தான ஏற்றம், தூறல் வேறு. பாதியில் மிஸ் சட்டென்று நின்று, பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"மேல போறது பிளஸ்னு வைங்க. பள்ளத்தப் பாத்து நிக்கிறது மைனஸ். பின்னால நடக்கிறதும் மைனஸ். இப்ப நான் எங்க போறேன்?"

சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். மேலேதான் போனார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நானும் திரும்பி நின்று நடந்தேன். சிரித்துக்கொண்டே இருவரும் பின்பக்கமாக மலையேற, பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பாவம், படிச்ச புள்ளைங்க" என்றார் ஓர் அக்கா.

மறுநாள் என் வகுப்பே பாடசாலை மேட்டில் பின்பக்கமாக ஏறியது. அதட்ட ஓடிவந்த அதிபர், கடைசியில் தானும் நடந்து பார்த்தார்.

அதன்பிறகு, என்னைப்போல் தனியாகக் கிடந்த கணக்கு வாத்திமாரை எல்லாம் மிஸ் மாதாமாதம் நுவரெலியாவில் கூட்டினார். வகுப்பில் கோட்டைவிட்ட பாடத்தோடுதான் வரவேண்டும். நன்றாகப் போன பாடத்தைச் சொல்ல எழும்பிய இறம்பொடை வாத்தியாரை உட்காரவைத்துவிட்டார். பின்னக் கணக்குக்காக நாங்கள் போட்ட சத்தத்தில், அடிதடி என்று நினைத்துக் காவலாளி ஓடிவந்தார்.

இந்த வருஷம் ஹட்டன் இடமாற்றம் கிடைத்தது. அது வேறு வலயம்; ஆலோசகரும் வேறு ஆள். மிஸ்ஸுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், கட்டாயம் போகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

நான் போகவில்லை. பிள்ளைகளுக்காக இருந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மைதான்.