மச்சான் கொடுத்த சாம்பிள்

நான் திருடியதில்லை. யாரையும் அடித்ததில்லை (ஒரு தடவை தவிர, அவனுக்கு அது வேண்டும்). ஆனால் இன்னொருத்தன் மலத்தில் என் பெயரை ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இதற்காக யாராவது என்னைக் கோழை என்று சொன்னால் கோபப்பட மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் கோபப்படுவேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி ஸ்டெல்லா எங்கள் சர்ச் பெண்கள் சங்கச் செயலாளர். அந்தச் சங்கம் குடல் புற்றுநோய்க்கு ஒரு முகாம் நடத்தியது. நாற்பத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் பெயர் ஒட்டிய ஒரு சின்னக் குப்பி. மூடியிலேயே ஒரு குச்சி இருக்கும். மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி, குச்சியைத் திரும்பவும் குப்பிக்குள் செருகிக் கொடுக்க வேண்டும்.

குப்பி கொடுத்த நர்ஸ் நம் திருநெல்வேலிப் பெண். நான் கேள்வி கேட்டேன்.

"இதுல கேன்சர் தெரிஞ்சிருமா?"

"கேன்சர் தெரியாது அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தா தெரியும்."

"ரத்தம் இருந்தா கேன்சரா?"

"முக்காவாசிப் பேருக்கு இருக்காது. மூலமா இருக்கும், சின்னக் கட்டியா இருக்கும். கேமரா விட்டுத்தான் பாக்கணும்."

"ரத்தம் இல்லைன்னா கேன்சர் இல்லை, அப்படித்தான?"

"அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாது. கட்டி தெனமும் கசியாதுல்லா."

"பொறவு என்ன எழவுக்கு இந்தக் குப்பி?"

அவள் கோபப்படவில்லை. "குர்லா ஸ்டேஷன்ல டி.சி. நிக்காருல்லா அண்ணாச்சி. டிக்கெட் இல்லாதவங்கள்ல நெறையப் பேரப் பிடிச்சிருதாரு. சில பேரு தப்பிச்சிருதான். சில நேரம் பாஸ் வச்சிருக்கவனையும் நிப்பாட்டுதாரு. அதுக்காக டி.சி.யே வேண்டாங்கீங்களா? இன்னைக்குத் தப்புனவன் அடுத்த தடவ மாட்டுவான். அதான் திரும்பத் திரும்பப் பண்ணச் சொல்லுதோம்."

குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. சந்து முழுவதற்கும் ஒரே பொதுக் கழிப்பறை. மலம் தண்ணீரில் விழக் கூடாது என்று குப்பியோடு கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது. எழுதியவன் எங்கள் கழிப்பறையைப் பார்த்ததில்லை. அங்கே தண்ணீர் இல்லாத இடமே கிடையாது. ஸ்டெல்லா ஒரு வழி சொன்னாள். ஞானஸ்நான விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் ரோஜாப்பூ போட்ட தட்டு.

ஒரு கையில் வாளி, ஒரு கையில் தட்டு. வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ரஃபீக் பாய் தட்டைப் பார்த்தார்.

"க்யா அண்ணா, நாஷ்தா அந்தர் ஹீ கரேகா?" (டிபன் உள்ளேயேதானா என்று கேட்கிறார்.)

வரிசை சிரித்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் கதவைத் தட்டினார்கள். "ஏ ப்ளேட்வாலா, ஜல்தி கர்." (தட்டுக்காரா, சீக்கிரம் ஆகட்டும் என்கிறார்கள்.) நாற்பத்தெட்டு வருடம் ஒழுங்காக ஓடிய குடல் அன்றைக்கு வேலைநிறுத்தம் செய்தது. மறுநாளும் போனேன். தட்டு நழுவி, ரோஜாப்பூ மேலே தெரிய, தண்ணீரில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. குப்பி கொடுக்காதவர்கள் பெயரை ஸ்டெல்லா சர்ச்சில் வாசிக்கப் போகிறாள். புருஷன் என்று அவள் தயவு பார்க்கிற ஆள் இல்லை. அதனால் அந்தச் சனிக்கிழமையே செம்பூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஸ்டெல்லாவின் தம்பி தேவராஜ் இருக்கிறான். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உள்ள மனிதன். தினமும் வாக்கிங், தினமும் பாகற்காய் ஜூஸ், தினமும் அதைப் பற்றிப் பேச்சு.

நேர்மையாகத்தான் போனேன். அவன் கழிப்பறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து அவன்தான் கூப்பிட்டான்.

"அத்தான், எனக்கு அவசரம். வெளிய வாங்க."

வந்தேன். குப்பியை அவனிடம் நீட்டினேன். "மச்சான், போறதுதான் போற. இதுல கொஞ்சம் எடுத்துக் குடுத்துரு."

"உங்க பேருல்லா போட்டிருக்கு?"

"பேர யாரு பாக்கா. உங்க அக்காட்ட இருந்து நான் தப்பிக்கணும்."

அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "பண்ணிருவோம் அத்தான். நம்ம சரக்கு ஏ ஒன்லா. ரிப்போர்ட்ட ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் ஃபோன் செய்தாள். என் பெயரில் ரத்தம் இருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா டெஸ்ட்டுக்குத் தேதி வாங்க வேண்டுமாம்.

ஸ்டெல்லா அழவில்லை. அன்றைக்கு என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் தேவராஜ் வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. ஸ்டெல்லா பால் வாங்கப் போனதும் என் கையைப் பிடித்தான்.

"அத்தான், அந்த டெஸ்ட்டுக்கு நீங்களே போயிருங்க."

"நான் எதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா கேஸ் முடிஞ்சுதுல்லா."

"உன் வயித்துல உள்ளதுக்கு எனக்குக் குழாய் விட்டா எப்பிடிடே கேஸ் முடியும்?"

"பாஸ் வச்சிருக்கவனையும் டி.சி. நிப்பாட்டுவாருன்னு நர்ஸ் சொன்னதா நீங்கதான சொன்னீய. எனக்கு ஒண்ணும் இருக்காது அத்தான்."

அப்போதே ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்டெல்லாவா குழாயா என்று யோசித்தேன். குழாய் பரவாயில்லை என்று தோன்றியது. அவன் உயிர் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. இருக்காது என்று அவனே சொல்கிறானே.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பேதி மருந்து குடிக்க வேண்டும். பெரிய ஜாடி நிறைய. குடித்துவிட்டு வாளியோடு சந்தில் ஓடினேன். வரிசையில் நிற்கிற நிலைமை இல்லை. என் முகத்தைப் பார்த்த ரஃபீக் பாய் வழி விடச் சொன்னார். "ப்ளேட்வாலே கோ ஜானே தோ." பதினோரு தடவை வழி விட்டார்கள். (பன்னிரண்டாவது தடவைக்கு வழி தேவைப்படவில்லை. அதை விடுங்கள்.)

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில், பின்பக்கம் திறந்த கவுனில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா ஃபைல் எடுக்கப் போயிருந்தாள். எங்களோடு வந்திருந்த தேவராஜ் என் காதருகே குனிந்தான்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். ரெண்டு மூணு மாசமா எனக்கு ரத்தம் போவுது. மூலம்னு நெனச்சு விட்டுட்டேன்."

"பொறவு ஏ ஒன்னுன்னு சொன்ன?"

"அது சும்மா ஒரு கெத்துக்கு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றேன். கவுன் என்னோடு எழுந்திருக்கவில்லை. வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினேன். "ஸ்டெல்லா, அது என்னோடது இல்ல. உன் தம்பியோடது."

கையில் ஃபைலோடு அவள் நின்றாள். "எது?"

"குப்பிக்குள்ள இருந்தது."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபைலால் முதலில் தம்பியை அடித்தாள், பிறகு என்னை. "இவருக்குத்தான் புத்தி இல்ல. ஒனக்கு எங்கலே போச்சு? செத்துப் போயிருப்பியேலே." அப்போதுதான் அழுதாள்.

டாக்டர் ஒரு மராத்திக்கார அம்மா. கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். கண்ணால் ரத்தம் பார்த்தவனுக்குக் குப்பியே கூடாது, நேரே டாக்டரிடம் வர வேண்டும். குப்பி டெஸ்ட்டில் ரத்தம் இல்லை என்று வந்திருந்தாலும் அதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. பிறகு என்னைப் பார்த்தார். மருந்து குடித்து வந்திருக்கிறீர்கள், வயதும் ஆகிறது, வீணாக்க வேண்டாம், உள்ளே வாருங்கள் என்றார்.

என் குடலில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் தேவராஜ் குடலில் ஒரு மொச்சைக்கொட்டை அளவு கட்டி இருந்தது. கேமரா வழியாகவே எடுத்துவிட்டார்கள். இன்னும் சில வருடம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். அந்தக் குப்பி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. பொய் சொன்னது பெயர் மட்டும்தான்.

தேவராஜ் நன்றாக இருக்கிறான். அத்தான்தான் என் உயிரைக் காப்பாற்றினார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறான். எப்படி என்று யாராவது கேட்டால் பாகற்காய் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். எங்கள் சந்தில் நான் இன்றைக்கும் ப்ளேட்வாலாதான்.

போன மாதம் சுகர் டெஸ்ட்டுக்கு மாட்டுங்காவில் ஒரு ஆய்வகத்துக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற தமிழ்ப் பெண் ஊசியைப் பிரித்துக்கொண்டே என் பெயரைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள்:

"பேரு கெடக்கட்டும்மா. கை இவரோடதுதானான்னு மொதல்ல பாத்துக்க."