நூறு பிட்டும் ஒரு நீள மேஜையும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் 'சிக்கனக் கொள்முதல் குழு' அமைத்ததுதான். பள்ளிகளுக்கு மேஜை நாற்காலி செய்யும் அந்தப் பட்டறையில் குழு பிறந்த வேளை, தச்சருக்கு நல்ல வேளை என்றே சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தச்சர்களுக்கு நன்றியுணர்ச்சி கொஞ்சம் மட்டு.

பிறந்த குழு உட்கார வேண்டாமா? பத்துப் பேருக்கான நீள மேஜை ஒன்று செய்யச் சொன்னார்கள். குழுவில் இருந்தது மேலாளர், கணக்கர் ஆக இரண்டே பேர். தச்சர் வைரம் பாய்ந்த மரத்தில் இழைத்து, விளிம்பைக் கூர் இல்லாமல் ரூட்டர் இயந்திரத்தால் உருட்டினார். அந்த இயந்திரத்தின் மூக்கில் மாட்டுகிற வெட்டுமுனைதான் பிட். விளிம்பு உருட்டும் நல்ல பிட் பட்டறையில் ஒன்றே ஒன்று இருந்தது. மேஜையின் நாலாவது மூலையோடு அதன் ஆயுளும் முடிந்தது.

மறுவாரமே மழலைப் பள்ளிக்கு நாற்பது குட்டி மேஜைகள் செய்யும் வேலை வந்தது. தச்சரின் நாலு வயது மகள் படிக்கும் பள்ளி. ஓடுகிற பிள்ளை தடுக்கி விழுந்தால் நெற்றி போய் இடிக்கிற உயரம்தான் அந்த மேஜைகளுக்கு. தச்சர் குழுவின் முன் நின்றார்.

"சார், விளிம்பு உருட்ட ஒரே ஒரு பிட்டு வேணும். நல்ல கார்பைடு முனை வெச்சது. விலை கொஞ்சம் கூட. ஆனா நாப்பதையும் முடிச்சு இன்னும் உழைக்கும்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதே விலைக்கு நூறு பிட்டு உள்ள பெட்டியே வருது. நீங்களே சொல்லுங்க, ஒண்ணு பெருசா, நூறு பெருசா?"

"நூறுதான் பெருசு. ஆனா சார்..."

"தச்சரே ஒத்துக்கிட்டார். எழுதிக்குங்க."

கணக்கர் எழுதிக்கொண்டார். 'ஆனா' மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட். நூறில் விளிம்பு உருட்டும் பிட் ஒன்றே ஒன்று; அதுவும் மூன்றாவது மேஜையிலேயே முனை மழுங்கி மரத்தைக் கருக்கியது. பட்டறை முழுக்கப் புகை.

"அந்த ஒண்ணு மட்டும் நல்லதா வாங்கிக் குடுங்க சார். புண்ணியமாப் போகும்."

"மிச்சம் தொண்ணூத்தொன்பது சும்மா தூங்குதே?"

"அதெல்லாம் பூவேலைக்கும் காடிப் பள்ளம் எடுக்கவும் உள்ளது. விளிம்புல ஓட்டினா கத்தி மாதிரி நிக்கும். சின்னப் புள்ளைங்க ஓடியாடற இடம் சார்!"

"ஏன், பூவேலைன்னா புள்ளைங்களுக்குக் கசக்குதா?" என்றார் மேலாளர்.

"வாங்கின பொருள் எதுவும் சும்மா கிடக்கக் கூடாது. விதி ஏழு," என்றார் கணக்கர்.

விதி யாரை விட்டது? ஒரு மேஜைக்குக் கிளிமூக்கு விளிம்பு, ஒன்றுக்கு ரம்பப் பல், ஒன்றுக்கு அலை. தச்சர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஏழு மேஜைகளைச் சாதுவாக்கினார். உப்புத்தாள் தீர்ந்தது. மறுபடி கேட்டதற்கு, அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் மேஜைகள் வண்டி ஏறிவிட்டன.

"கண்ணு, தடவிப் பார்த்து வழவழன்னு இருக்கிற மேஜையில உக்காரு," என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். பாவம், டீச்சர் உயர வரிசைப்படி உட்கார வைத்தார்.

நாலாம் நாள் பள்ளியிலிருந்து போன். ஆஸ்பத்திரியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தச்சர் நேரே குழுவின் அறைக்குள் நுழைந்தார்.

"என் பொண்ணுக்கு நெத்தியில மூணு தையல், சார்!"

மேலாளர் மனப்பூர்வமாக வருந்தினார். "அடடா! குழந்தைன்னா விழத்தான் செய்யும். அதுக்காக நம்ம வேலையைக் குறை சொல்லலாமா? இந்த மேஜையைத் தொட்டுப் பாருங்க. வெண்ணெய்! இத்தனை கூட்டத்துல என் முழங்கையில ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

தச்சர் தொட்டுப் பார்த்தார். தன் கையால் உருட்டிய விளிம்பு.

"இருந்த ஒரே நல்ல பிட்டு இதுலதான் சார் தேஞ்சுது. என் பொண்ணு நெத்திக்கு ஆக வேண்டியதை உங்க முழங்கைக்குச் செலவழிச்சிட்டேன்."

கணக்கர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையசைத்தார். கூட்டக் குறிப்பு இப்படிப் பதிவாயிற்று: 'தச்சர் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். மிகவும் மிருதுவாக இருந்தது. புகார் முடித்து வைக்கப்பட்டது.'